கேட்டலினா 22: முதல் படகை நீரில் இறக்கும் முன் செய்த வேலைகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள லேனியர் ஏரியில் ஓட்டுவதற்காக நண்பர் ஒருவர், 1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கேட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்றை, அது ஏறி நிற்கும் டிரெய்லருடன் சேர்த்து வாங்கினார். சொந்தமாகப் படகு வைத்திருப்பது அவருக்கு இதுவே முதல் முறை. "அண்ணா, முதல்ல உள்ள இருக்கிற மெத்தையையும் விளக்கையும் மாத்திடலாமா?" என்று கேட்டவரிடம், மெத்தை எல்லாவற்றுக்கும் கடைசி என்று சொன்னேன். பழைய படகைக் கையில் எடுப்பவர்கள் கண்ணில் படுபவற்றுக்கே முதலில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அறுந்தாலோ பிய்ந்தாலோ படகு மூழ்கும், பாய்மரம் சாயும் என்ற நிலையில் இருக்கும் பாகங்களில் நாங்கள் தொடங்கி, அடுத்ததாகப் படகைச் சாலையில் இழுப்பதையும் நீரில் இறக்குவதையும் எளிதாக்கும் வேலைகளைச் செய்து, உட்கார வசதி, படுக்க வசதி எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

முதல் முறை வாங்குபவருக்கு இந்தப் படகு பொருத்தமானதா என்று கேட்டால், தயங்காமல் ஆம் என்பேன். பிராங்க் பட்லர் வடிவமைத்து 1969ஆம் ஆண்டு முதல் கட்டப்பட்ட இந்த வகையில் 15,000க்கும் மேற்பட்ட படகுகள் வெளிவந்திருப்பதால், நாற்பது ஆண்டு பழைய படகுக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது. எந்த இடத்தில் என்ன கெடும் என்பதும் ஊரறிந்த விஷயமாக இருக்கிறது. நீளம் 21 அடி 6 அங்குலம். அகலம் 7 அடி 8 அங்குலம் என்பதால், 8 அடி 6 அங்குல அகலம் வரை அனுமதிக்கும் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலே இழுத்துச் செல்லலாம். படகின் எடை ஏறத்தாழ 2,250 பவுண்டு. டிரெய்லர், மோட்டார், பாய்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் 3,500 பவுண்டை நெருங்கிவிடும் என்பதை மனத்தில் வைத்தே இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தப் படகின் உயிர்நாடி அதன் கீல். படகின் வயிற்றுக்கு அடியில் தொங்கி, காற்று சாய்க்கும்போது படகை நிமிர்த்தும் 550 பவுண்டு வார்ப்பிரும்புத் தகடு அது. நண்பரின் படகில் உள்ளது மேலே தூக்கி இறக்கக்கூடிய வகை. தூக்கிவிட்டால் படகு 2 அடி நீரில் மிதக்கும். முழுவதும் இறக்கினால் 5 அடி ஆழம் வேண்டும். சட்டாஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபோர்டு அணையைக் கட்டியதால் உருவான இந்த ஏரியில், கடல்மட்டத்திலிருந்து 1,071 அடி என்ற முழுக் கொள்ளளவு மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கும் மாதங்களில் கரையோரத் திட்டுகள் மேலேறி வரும். அப்போது இந்த வசதியின் அருமை தெரியும். ஆனால் வசதியோடு சேர்ந்தே பராமரிப்பும் வருகிறது. அந்த முழு எடையும் 1 அங்குலத் தடிமன் கொண்ட ஒரே ஒரு பின்னில், அதாவது உலோகத் தண்டில், ஆடுகிறது. மறுமுனையில் ஒற்றை எஃகு வடம் அதைத் தூக்கிப் பிடிக்கிறது.

டிரெய்லரில் கிடக்கும்வரை கீலின் பின்னைக் கழற்ற இடமிருக்காது. ஆகவே படகு பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் பட்டைகளைப் போட்டுப் படகைத் தூக்கவைத்து, தாங்கு கால்களில் நிறுத்தி, எதிரெதிரே நிற்கும் கால்களை அடியில் சங்கிலியால் இணைத்துக் கட்டிய பிறகே கீழே நுழைந்தோம். இந்தச் சங்கிலியை யாரும் விட்டுவிடக் கூடாது. மேலே ஒருவர் நடமாடும் அதிர்விலேயே ஒரு கால் மெல்ல விலகக் கூடும். கீழே படுத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சக்கரப் பலகை ஒன்றின்மேல் மரக்கட்டைகளை அடுக்கி, கீலை அதில் அமரவைத்து, பின்னைத் தாங்கும் இரு உலோகத் தாங்கிகளின் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் கீல் கட்டையோடு வெளியே வந்தது.

பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, கீல் தொங்கிய நடுப்பகுதியில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் பள்ளம் ஒன்று தேய்ந்திருந்தது. நங்கூரமிட்ட படகில் இரவில் அடியிலிருந்து 'டொக், டொக்' என்று ஓசை வருவதாக இந்தப் படகுக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இத்தகைய தேய்மானமும், கீலுக்கும் தாங்கிக்கும் இடையே பக்கவாட்டில் உள்ள இடைவெளியும்தான். புதிய பின் போட்டு, இருபுறமும் வாஷர்களால் இடைவெளியைக் குறைத்தோம். கீலில் செதில் செதிலாக உதிர்ந்த துருவைச் சுரண்டி, கம்பித் தூரிகை பொருத்திய கிரைண்டரால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, ஈரம் படுவதற்கு முன் அன்றே எப்பாக்ஸி என்னும் இறுகும் பிசினால் முதல் பூச்சைக் கொடுத்தோம். வார்ப்பிரும்பைத் தேய்த்து ஓர் இரவு திறந்து வைத்தால் விடிவதற்குள் செம்பழுப்பு படர்ந்துவிடும். அதன்மேல் பூசும் பூச்சு நிற்காது. தாங்கிகளைத் திரும்பப் பொருத்தும்போது போல்ட்டுகளை வெறியோடு முறுக்கக் கூடாது. அவை ஏறிப் பிடிக்கும் மறை, படகின் கண்ணாடியிழைக்குள் புதைந்திருக்கிறது. அந்த மறை அழிந்தால் சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும்.

வடத்தைப் பார்த்தவுடனே மாற்ற வேண்டும் என்று தெரிந்தது. கீலோடு இணையும் முனையில் இழைகள் இரண்டு அறுந்து மீன்முள் போல நீட்டிக்கொண்டிருந்தன. கீலில் மாட்டும் பூட்டுப் பின்னையும், அது நழுவாமல் தடுக்கும் காட்டர் பின்னையும் வடத்தோடு சேர்த்துப் புதிதாகப் போட்டோம். அந்த வடம் படகின் அடியைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில், படகுக்காரர்கள் 'வால்கேனோ' என்று அழைக்கும் கூம்பு வடிவ உலோகப் பொருத்து இருக்கிறது. அதையும், வடத்தைச் சுற்றிக் கீலைத் தூக்கும் கைச்சுழல் கருவியான வின்ச்சுக்குச் செல்லும் குழாயையும் இணைப்பது ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாய்த் துண்டு. அதற்குக் கீழே இருப்பது ஏரி. அந்தத் துண்டு வெடித்தால் படகுக்குள் நீர் வருவதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. முந்தைய உரிமையாளர்கள் எவரும் அதைத் தொட்டதற்கான அடையாளமே தெரியவில்லை. கையால் அழுத்தியதும் மேற்பரப்பில் வெடிப்புகள் விரிந்தன. தடித்த சுவருள்ள புதிய குழாயை வைத்து, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு துருப்பிடிக்கா எஃகுக் கிளாம்புகள் போட்டோம். மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய ஆபத்தை நீக்கியது இதுதான்.

வின்ச் பற்றி நண்பரிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்: கீல் இறங்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியை விட்டுவிடக் கூடாது. தடுப்பு தேய்ந்த வின்ச்சில் கைப்பிடி சுழன்று வந்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். தடுப்புத் தட்டுகளை மாற்றிவிட்டோம். அப்படியிருந்தும் இந்த விதி தொடர்கிறது.

நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த மற்றொரு துளை, உள்ளே உள்ள கைகழுவும் தொட்டியின் வடிகால். அதில் வீட்டுக் குழாய்களில் போடும் சாதாரண கேட் வால்வுதான் இருந்தது. திருகினால் பாதியில் நின்றது. படகுக்கென்றே செய்யப்பட்ட பந்து வால்வைப் போடலாம் என்றேன். நண்பர் யோசித்துவிட்டு, தொட்டியே தேவையில்லை, துளையை அடைத்துவிடலாம் என்றார். நல்ல முடிவு. துளையின் ஓரத்தைப் படகின் தோல் தடிமனைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, சிறிதிலிருந்து பெரிதாக வெட்டிய கண்ணாடியிழைத் துணிகளை எப்பாக்ஸியில் ஊறவைத்து அடுக்கி மூடினோம். பாத்திரம் கழுவ ஒரு வாளி போதும்.

மேல்தளத்தில் வேலை வேறு விதமானது. இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்த தளம் இது. போல்ட் துளை வழியாக நீர் கசிந்தால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் அடிக்கொரு தட்டாகத் தளம் முழுவதும் தட்டிப் பார்த்தோம். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். நைந்த இடம் மந்தமாகச் சொத்தென்று ஒலிக்கும். ஒரு கைப்பிடிக் கம்பியின் அடியில் மட்டுமே உள்ளங்கை அகலத்துக்கு மந்த ஓசை கேட்டது. அந்தத் துளையைப் பெரிதாக்கி, ஈர மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே புதிய துளை போட்டோம். இனி அந்தப் போல்ட்டின் பக்கத்தில் நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. மற்றப் பொருத்துகளையும் கழற்றி, துளையின் மேல் விளிம்பைச் சற்றுச் சரித்து, பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் போன்ற பியூட்டைல் டேப்பை உருட்டிச் சுற்றிப் பொருத்தினோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மேலே போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும், அதையும் ஒரே மூச்சில் இறுக்காமல், டேப் பிதுங்கி வெளிவர நேரம் கொடுத்துச் சில நாள்களில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சன்னல் கசிவைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைத்தோம். அதனால் மெத்தை நனையுமே தவிர எவருக்கும் ஆபத்தில்லை.

பாய்மரத்தை நிறுத்தி வைத்திருப்பவை முன்கம்பி, பின்கம்பி, இருபுறமும் மேல் பக்கக் கம்பிகள், கீழ் பக்கக் கம்பிகள் ஆகியவை. எல்லாம் துருப்பிடிக்கா எஃகு இழைகளை முறுக்கிச் செய்தவை. அவற்றை உருவிப் பார்க்கப் பஞ்சுதான் சிறந்த கருவி. அறுந்த இழை எங்கே இருந்தாலும் பஞ்சு அதில் சிக்கி நிற்கும். கையால் உருவினால் விரல் கிழியும். கம்பி முனைப் பொருத்துக்குள் நுழையும் வாயில் பழுப்புக் கறையோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது. இவருடைய கம்பிகளின் வயது எவருக்கும் தெரியவில்லை. தெரியாத வயதை மிக முதிர்ந்த வயது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே முழுத் தொகுதியையும் மாற்றினோம். கேட்டலினா 22க்கு அளவெடுத்து வெட்டிய தொகுதி தயாராகக் கிடைக்கிறது. பக்கக் கம்பிகளைப் பாய்மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கைகளின் வார்ப்புப் பொருத்துகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பதையும் விடக் கூடாது.

இனி, முதல் முறை படகு வாங்குபவர்களைப் படகைவிட்டே விரட்டும் வேலைக்கு வருகிறேன்: பாய்மரத்தைத் தூக்கி நிறுத்துவது. ஏறத்தாழ 25 அடி நீள அலுமினியக் குழாயை, படகின்மேல் நின்றுகொண்டு தோளில் வைத்துத் தள்ளும் முறை இளைஞர் இருவருக்குச் சரிப்படலாம். ஆனால் அது பிடிக்காமல்தான் எத்தனையோ படகுகள் டிரெய்லரிலேயே கிடந்து மழையில் நனைகின்றன. நாங்கள் 6 அடி நீளக் கம்பம் ஒன்றைத் தூக்குக் கம்பமாக அமைத்தோம். அதன் ஒரு முனை பாய்மரத்தின் அடியில் முன்பக்கமாகப் பொருந்தும். மறுமுனையில் முன்பாயை ஏற்றும் கயிற்றைக் கட்டி, அங்கிருந்து படகின் முன்முனைவரை, மெயின் பாயைக் கட்டுப்படுத்தும் கப்பித் தொகுதியையே மாட்டிவிட்டோம். கப்பியின் கயிற்றை இழுக்க இழுக்க, பின்பக்கமாகப் படுத்திருக்கும் பாய்மரம் நிதானமாக எழுகிறது. கையை எடுத்தாலும் கப்பியின் பூட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது.

எழும்போது பாய்மரம் பக்கவாட்டில் சாயாமல் இருக்க இரண்டு துணைக்கயிறுகள் வேண்டும். அவற்றின் கீழ்முனைகள் பாய்மரத்தின் அடிப் பின் இருக்கும் அதே கோட்டில், அதே உயரத்தில் அமைய வேண்டும். முன்னோ பின்னோ தள்ளியிருந்தால், பாதி உயரத்தில் ஒன்று கயிறு தொய்ந்துவிடும், அல்லது இறுகி மேலே எழவிடாது. மற்றொன்று: பக்கக் கம்பிகளின் அடியில் அவற்றை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்கள் கோணலாகச் சிக்கிக்கொண்ட நிலையில் பாய்மரம் எழுந்தால் அவற்றின் திருகுத்தண்டு வளைந்துவிடும். ஆகவே ஒருவர் கயிற்றை இழுக்கும்போது மற்றவர் இருபுறமும் நடந்து டர்ன்பக்கிள்களை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் அது சேரும் இடத்துக்கும் ஒரே நிற டேப்பைச் சுற்றிவிட்டதில், எந்தக் கம்பி எங்கே என்ற தேடல் ஒழிந்தது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பது. மின்கம்பி ஓடும் இடத்துக்கு அருகில் அலுமினியப் பாய்மரத்தை நிறுத்தவோ, நிறுத்திய பாய்மரத்தோடு படகை நகர்த்தவோ கூடாது. இறக்குதளத்தில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நீர்வரை உள்ள வழி முழுவதையும் வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டே பாய்மரத்தைத் தொடுவது என்பதை நண்பர் பழக்கமாக்கிக்கொண்டார்.

டிரெய்லருக்குச் செலவிட்ட நேரம் படகுக்குச் செலவிட்டதில் பாதியாவது இருக்கும். சக்கரப் பேரிங்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது ஒரு பக்கத்து உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது. அது சூடேறிய அடையாளம். புதிய பேரிங்கில் படகு டிரெய்லருக்கான கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபுறம் உருளைகளின் இடுக்கில் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை நிரப்பினோம். நட்டை இறுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றுத் தளர்த்தி, காட்டர் பின் போட்டோம். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சக்கரக்குடம் சூடாக இருக்கும். உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சும். பாய்மரம் நிறுத்தும் வேலையை முதலில் முடித்தால் குடம் ஆறுவதற்கு வேண்டிய நேரம் தானாகவே கிடைத்துவிடும்.

டயரின் தேய்மானத்தைவிட வயதே முக்கியம். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளங்கள் புதிதுபோல் இருந்த அந்த டயர்களை வயதைப் பார்த்தே கழித்துக்கட்டினோம். இழுக்கும் வண்டியின் இணைப்புப் பந்தின்மேல் விழும் எடை, மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். இந்த எடையை வீட்டுத் தராசு தாங்காது. கெட்டியான பலகையின் ஒரு முனையைத் தரையில் கிடத்திய குழாயின்மேலும் மறுமுனையைத் தராசின்மேலும் வைத்து, குழாயிலிருந்து 1 அடி, தராசிலிருந்து 2 அடி தள்ளி டிரெய்லரின் மூக்கை இறக்கினோம். தராசு காட்டியதை மூன்றால் பெருக்கினால் எடை கிடைத்தது. குறைவாக இருந்ததால், முன்முனை முட்டி நிற்கும் வின்ச் தூணைச் சற்று முன்னே நகர்த்திச் சரிசெய்தோம். சாலையில் ஓடும்போது கீலின் எடை டிரெய்லரின் தாங்குகட்டையில் அமர்ந்து, வடம் தொய்ந்திருக்க வேண்டும் என்பதும் இத்தோடு சேர்ந்தது. இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்குவது புதிய பின்னும் புதிய வடமும்தான்.

மின்சார வேலையைச் சுருக்கமாகவே முடித்தோம். பழைய வயர்களை முழுவதுமாக உருவி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு வயரால் புதிதாக இழுத்து, பேட்டரியைப் பெட்டியில் வைத்துப் பட்டையால் கட்டி, அதற்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைத்தோம். பச்சை, சிவப்பு முன்விளக்கு, பின்விளக்கு, மோட்டார் ஓடும்போது எரிய வேண்டிய வெள்ளை முன்விளக்கு, நங்கூர விளக்கு எல்லாம் எல்இடி. மோட்டார் 5 குதிரைத்திறன், நீள்தண்டு வகை; குட்டைத் தண்டு என்றால் அலையில் முன்முனை தாழும்போது விசிறி காற்றில் சுற்றும். 26 அடிக்குக் குறைந்த படகில் 3 குதிரைத்திறனும் அதற்கு மேலும் கொண்ட, நிறுத்து விசை உள்ள மோட்டாரை ஓட்டுபவர், படகு நீரைத் தள்ளிக்கொண்டு மெல்லச் செல்லும் வேகத்தைத் தாண்டும்போது, தான் விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் நிறுத்துக் கயிற்றை உடலில் மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது.

சட்டம் கேட்கும் மற்றப் பொருள்கள் அதிகமில்லை. ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், 16 அடிக்கு மேற்பட்ட படகு என்பதால் எறிந்து உதவும் மிதவை ஒன்று, தீயணைப்பான், விசில். ஜார்ஜியாவில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், படகு நகரும்போது மேல்தளத்தில் இருந்தால் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் தீயணைப்பானின் அடியில் தயாரிப்பு ஆண்டு இருக்கும். 12 ஆண்டு கடந்திருந்தால் முள் பச்சையில் நின்றாலும் செல்லாது. படகோடு வந்தது அப்படித்தான் போயிற்று.

பாய்களில் நண்பருக்கு ஓர் ஆசை இருந்தது: முன்பாயைச் சுருட்டி வைக்கும் உருளை அமைப்பு. அதை ஒத்திவைக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பாய்மரத்தைப் படுக்க வைப்பவருக்கு அந்த நீளமான உருளை பெரிய இடைஞ்சல். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மெயின் பாயில், பலத்த காற்றில் அதைச் சிறிதாக்கிக் கட்ட உதவும் இரண்டாவது சுருக்க வரிசையைத் தைத்து வாங்கினோம். கொக்கிகளால் மாட்டும் சிறிய முன்பாயின் தலையில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டிப் பின்னால் கொண்டுவந்ததால், முன்தளத்துக்குப் போகாமலே அதைக் கீழே இழுத்துவிட முடிகிறது. கோடை மாலைகளில் இடிமழை திடீரென்று கிளம்பும் அந்த ஏரியில், பாயைக் குறைப்பது எளிதாக இருப்பதே முதல் தேவை. நங்கூரத்துக்கு டேன்ஃபோர்த் வகை, கொஞ்சம் சங்கிலி, நைலான் கயிறு. ஆழத்தின் 7 மடங்கு கயிறு விட்டால் அந்தக் களிமண் தரையில் நன்றாகப் பிடிக்கிறது.

நீரில் இறக்கிய அன்று, பட்டைகளைக் கழற்றும் முன், படகு பாதி மிதக்கும் நிலையில் டிரெய்லரை நிறுத்திவிட்டு நண்பர் டார்ச்சோடு உள்ளே போய் வால்கேனோக் குழாயையும் அடைத்த வடிகாலையும் விரலால் தடவிப் பார்த்தார், உலர்ந்தே இருந்தன. புதிய கம்பிகள் முதல் சில பயணங்களில் சற்று நீளும். மிதமான காற்றில் ஓடும்போது காற்று படாத பக்கத்துக் கம்பிகள் தளர்ந்து ஊசலாடினால், கரைக்கு வந்து இருபுறமும் சமமாகத் திருப்பி இறுக்கி, காட்டர் பின்களை மறுபடி போட்டு டேப் சுற்ற வேண்டும். வேகம் கூடியபோது அடியிலிருந்து ரீங்காரம் ஒன்று கேட்டதும் நண்பர் பதறி, "அண்ணா, என்ன சத்தம் அது?" என்றார். கீல் முழுவதும் இறங்கியிருக்கும்போது அதன் வடம் நீரோட்டத்தில் அதிர்ந்து எழுப்பும் ஓசை அது. இந்த வகைப் படகு எல்லாவற்றிலும் கேட்கும். மெத்தைக்குத் துணி எடுத்தாயிற்று. சன்னல் கசிவு நின்ற பிறகு தைக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.